பக்கத்துக்குக் கூலி பெற்ற படைப்பாளி

சென்னையில் முதுகலைப் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடை ஒன்றில் மூன்று அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்களை வாங்கினேன். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்ற திரைப்படத்தைத் தழுவி மார்வெல் நிறுவனம் வெளியிட்ட மாத இதழ்கள் அவை. அட்டையில் அச்சிடப்பட்டிருந்த விலை 30 சென்ட். அந்தச் சந்தை 1985-இல் எரிந்துபோயிற்று. இதழ்கள் மட்டும் என்னிடம் தங்கிவிட்டன. அண்மையில் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அவற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன். அன்று கதையில் ஓடிய கண், இம்முறை எழுதி வரைந்தவரின் பெயரில் நின்றது: ஜாக் கிர்பி.

அவருடைய இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். ஆஸ்திரியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்கு 1917 ஆகஸ்ட் 28-இல் நியூயார்க்கில் பிறந்தார். வளர்ந்தது லோயர் ஈஸ்ட் சைடு என்னும் நெரிசல் மிகுந்த ஏழைகளின் பகுதி. தந்தை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் உழைத்தவர். மகன் இளமையில் வேலைக்குச் சேர்ந்தது ‘பாப்பாய்’ கார்ட்டூன் படங்களைத் தயாரித்த பிளெய்ஷர் நிறுவனத்தில். ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் இடைப்பட்ட ஓவியங்களை வரிசையாக அமர்ந்து வரைந்து தள்ளும் வேலை. தந்தையின் தொழிற்சாலையே வேறு உருவில் வந்திருப்பதாக உணர்ந்து, விரைவிலேயே அங்கிருந்து வெளியேறினார். ஆனால், அதற்குப் பின் அவர் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆண்டதும் தொழிற்சாலைக் கணக்குத்தான். திருப்பூரில் ‘பீஸ் ரேட்’ என்கிறோமே, அதுதான். துணிக்குப் பதிலாகப் பக்கம்.

ஜோ சைமனுடன் இணைந்து அவர் உருவாக்கிய ‘கேப்டன் அமெரிக்கா’வின் முதல் இதழ் 1941 மார்ச் என்ற தேதியுடன் வெளிவந்தது. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, அதன் அட்டையில் ஹிட்லரின் முகத்தில் குத்து விழுந்தது. இதழ் அமோகமாக விற்றது. லாபத்தில் ஒப்புக்கொண்ட பங்கு முறையாக வந்து சேரவில்லை என்று கருதிய இருவரும் அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனத்தை விட்டு விலகினர். கிர்பி 1943-இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு பிரான்ஸில் போரிட்டார். கடுங்குளிரில் கால்கள் உறைந்து, அவற்றை இழக்கும் நிலை வரை சென்று மீண்டார்.

அவர் வாழ்க்கையில் ஓர் இடைக்காலம் பொருளாதார ஆசிரியனான எனக்கு மிகவும் சுவையானது. 1947-இல் சைமனும் அவரும் ‘யங் ரொமான்ஸ்’ என்ற காதல் சித்திரக்கதை இதழைத் தொடங்கினர். முன்பணம் வாங்காமல், லாபத்தில் சரிபாதி என்று பதிப்பாளருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இதழ் பெருவெற்றி கண்டது. கிர்பி லாங் ஐலண்டில் வீடு வாங்கினார். கூலியாளாக இல்லாமல் பங்காளியாக இருந்த அந்தச் சில ஆண்டுகளே அவருக்கு உண்மையான வளம் தந்தவை. ஆனால், 1954-இல் சித்திரக்கதைகள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்ற கூச்சல் எழுந்து, கடுமையான தணிக்கை விதிகள் வந்தன. அந்த நேரம் பார்த்து அவர்கள் தொடங்கிய சொந்தப் பதிப்பகமும் மூழ்கியது. மூன்று குழந்தைகளின் தந்தையாக அவர் மீண்டும் பக்கக் கூலிக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

அப்படித் திரும்பியபோதுதான் அவர் புகழின் உச்சியைத் தொட்டார் என்பது வேடிக்கை. 1961 முதல் ஸ்டான் லீயுடன் சேர்ந்து அவர் தந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’, ‘ஹல்க்’, ‘தோர்’, ‘எக்ஸ்-மென்’, ‘பிளாக் பேந்தர்’ ஆகியவற்றை இன்று திரையரங்கில் பார்க்காத நகரமில்லை. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆண்டிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை வரைந்தார். கதைச் சுருக்கத்தைப் பேசிவிட்டு, காட்சிகளையும் திருப்பங்களையும் ஓவியரிடமே விட்டுவிடுவது அங்கே வழக்கம். உரையாடலைப் பின்னர் எழுத்தாளர் சேர்ப்பார். அதனால், யார் எதைப் படைத்தார் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. படைப்பில் லீயின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால், கற்பனையின் பெரும்பகுதி வரைந்த கையிலிருந்தே வந்தது என்பதே என் கருத்து. 1970-இல் கிர்பி மனக்கசப்புடன் போட்டி நிறுவனமான டி.சி.க்குச் சென்றார், 1975-இல் மார்வெலுக்கே திரும்பினார்.

என் கையிலுள்ள இதழ்கள் அந்த இரண்டாம் வருகையின் விளைச்சல். ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய படம் வெளிவந்தது 1968-இல்; திரைக்கதையில் அவருக்குத் துணைநின்றவர் கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். முதல் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒரு சொல்கூடப் பேசப்படாத படம் அது. கிர்பியோ 1976-இல் பெரிய அளவில் வெளிவந்த தழுவலில் மௌனத்தையெல்லாம் விளக்கவுரையால் நிரப்பினார். படத்தின் ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை; எனக்கும்தான். ஆனால், தொடர்ந்து வந்த பத்து மாத இதழ்கள் வேறு வகை. கற்காலத்து மனிதனையும் விண்வெளி வீரனையும் கருங்கல் தூண் ஒன்றால் இணைக்கும் படத்தின் கருவை எடுத்துக்கொண்டு, தன் வழியில் சென்றார். 5-ஆம் இதழில் 2040-ஆம் ஆண்டின் நியூயார்க்கில் நார்ட்டன் என்றொருவன் வருகிறான். சித்திரக்கதை நாயகனாகச் சில மணி நேரம் வாழ்ந்து பார்க்கும் அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்கி, நிறைவின்றி வீடு திரும்புகிறான். வீர நாயகர்களை ஆயிரக்கணக்கில் வரைந்து கொடுத்தவர் எழுதிய கதை இது என்று நினைத்துப் படித்தால் சுவை கூடும்.

8-ஆம் இதழில் எக்ஸ்-51 என்ற எந்திர மனிதன் தோன்றுகிறான். ராணுவம் செய்வித்த எந்திரங்கள் கட்டுமீறியதால், அத்தனையையும் அழிக்க உத்தரவாகிறது. அறிவியலாளர் ஒருவர் அவற்றுள் ஒன்றுக்கு மனித முகம் கொடுத்து மகனாக வளர்க்கிறார். அதன் உடலிலிருந்த வெடிகுண்டை அகற்றித் தான் உயிர் துறக்கிறார். இந்தக் கதாபாத்திரம் படத்தில் இல்லை. முழுக்கக் கிர்பியின் கற்பனை. படத்தின் உரிமை திரைப்பட நிறுவனத்திடம் இருந்ததால், பல பத்தாண்டுகள் இத்தொடர் நூலாகத் தொகுக்கப்படாமல் கிடந்தது. எக்ஸ்-51 மட்டும் ‘மெஷின் மேன்’ என்ற பெயரில் 1978-இல் தனி இதழ் கண்டான். அவன் மார்வெலின் சொத்து. இரவல் வீட்டில் பிறந்த குழந்தையையும் முதலாளியே எடுத்துக்கொண்டார். பெற்றவருக்கு அந்த மாதப் பக்கக் கூலி.

1980-இல் டெஹ்ரானில் சிக்கிய ஆறு அமெரிக்கத் தூதரகப் பணியாளர்களைப் படப்பிடிப்புக் குழுவினர் என்று சொல்லி மீட்டபோது, எடுக்கப்படாத ஒரு படத்துக்காகக் கிர்பி வரைந்திருந்த ஓவியங்களை அமெரிக்க உளவுத் துறை பயன்படுத்தியது. அந்த ரகசியம் வெளியானபோது அவர் உயிருடன் இல்லை.

1980-களில் மற்ற ஓவியர்களுக்கு மூல ஓவியங்களைத் திருப்பித் தர முன்வந்த மார்வெல், அவர்களிடம் ஒரு பக்கப் பத்திரம் கேட்டது. கிர்பியிடம் நான்கு பக்கப் பத்திரம் நீட்டியது. அதற்கு ஈடாகத் தர முன்வந்தது 88 ஓவியங்கள். அவர் வரைந்ததோ பத்தாயிரத்துக்கும் மேல். சக கலைஞர்கள் திரண்டு குரல் கொடுத்த பின், 1987-இல் சுமார் இரண்டாயிரம் பக்கங்கள் கிடைத்தன. 1994 பிப்ரவரி 6-இல் கலிபோர்னியாவில் காலமானார்.

2009-இல் மார்வெலை டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு கிர்பியின் பிள்ளைகள் பதிப்புரிமையைத் திரும்பக் கேட்டனர். அவை கூலிக்குச் செய்த படைப்புகள் என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. வழக்கை எடுத்துக்கொள்வதா என உச்ச நீதிமன்றம் பரிசீலிக்கச் சில நாள்களே இருந்தபோது, 2014 செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. தொகை வெளியிடப்படவில்லை. அதன்பின் மார்வெல் இதழ்களில் படைப்பாளியாகக் கிர்பியின் பெயரும் லீயின் பெயருடன் அச்சாகிறது. மூல ஓவியங்களுக்காகக் கணவருடன் தோளோடு தோள் நின்று போராடிய மனைவி ராஸ், 1997-இலேயே காலமாகிவிட்டார்.