கண் கேட்டவருக்குக் கோல்!
(சுந்தரமூர்த்தி நாயனார் வாழ்விலிருந்து...)



ஆரணியிலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டி ஏரிக்கு நம்மில் பலர் போயிருப்போம். சிவில் பிரிவு மாணவர்களான நாங்கள் அணைக்கட்டைப் பார்க்கத்தான் போனோம். மதகு, கரை, உபரி நீர்ப் போக்கி எல்லாம் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பும்போதுதான் பக்கத்திலிருந்த ஊன்றீஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தோம். அங்கே நந்திக்கு ஒரு கொம்பு உடைந்திருக்கும். ஏன் என்று கேட்டால், உள்ளூர்க்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையின் நாயகர்தான் சுந்தரர்.

சுந்தரர் காலம் எட்டாம் நூற்றாண்டு என்பது பெரும்பாலோர் கருத்து. பிறந்த ஊர் திருநாவலூர். தந்தை சடையனார், தாய் இசைஞானியார். இயற்பெயர் நம்பி ஆரூரர். நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் குழந்தையின் அழகைக் கண்டு ஆசைப்பட்டு, தம் மகனாகவே வளர்த்தார். அரண்மனைச் சோறு, பொன் நகை, பட்டு உடை... கஷ்டம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை!

கல்யாணத்தன்று ஒரு கிழவர் கையில் ஓலையோடு வந்து, நீ எனக்கு அடிமை என்று வழக்குப் போட்டார். திருவெண்ணெய்நல்லூர் சபையில் வழக்கு கிழவர் பக்கமே ஜெயித்தது. வந்தவர் சிவபெருமான் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் அடிமையாக மட்டுமல்ல, இறைவனுக்கே தோழராக வாழ்ந்தார் சுந்தரர். தம்பிரான் தோழர் என்ற பெயரும் அதனால் வந்ததுதான். திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்தார்.

இனிமேல்தான் கதை நம்ம மாவட்டத்துக்கு வருகிறது. செங்குன்றத்துக்கு அப்பால் ஞாயிறு என்று ஒரு கிராமம் இருக்கிறதே, சூரியன் கோயிலுக்குப் பேர் போன ஊர், அங்கே பிறந்தவர் சங்கிலியார். திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி, கோயிலுக்கு மாலை கட்டித் தொண்டு செய்துவந்தார். யாத்திரையாக வந்த சுந்தரர் அவரைக் கண்டு, மணக்க விரும்பினார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம் என்ற நிலை வந்தது.

இங்கேதான் சுந்தரர் ஒரு தந்திரம் செய்தார். நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீ கொஞ்சம் வெளியே போய் மகிழ மரத்தடியில் இரு என்று இறைவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். இறைவனும் சரி என்றார். ஆனால் சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார்! பிட் எழுதி மறைத்து வைத்தவனை அந்த பெஞ்சிலிருந்தே எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்த மாதிரி ஆயிற்று சுந்தரர் நிலைமை. வேறு வழியில்லாமல் மரத்தடியிலேயே சத்தியம் செய்தார். திருவொற்றியூரில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவையாக அது இன்றும் நினைவுகூரப்படுகிறது.

சில காலம் போயிற்று. திருவாரூர் வசந்த விழாவின் நினைவு சுந்தரரை இழுத்தது. சத்தியத்தை மீறிக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினாரோ இல்லையோ, இரண்டு கண்ணும் போயிற்று!

நண்பர்களே, இதைக் கவனியுங்கள். தோழன் ஆயிற்றே என்று இறைவன் விட்டுவிடவில்லை. நியாயம் சங்கிலியார் பக்கம் இருந்தது. கடவுள் துணை என்பது தப்பு செய்ய லைசென்ஸ் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பார்வை இழந்தவர் என்ன செய்தார்? ஒற்றியூருக்குத் திரும்பவில்லை, வழியிலே உட்கார்ந்தும் விடவில்லை. தடுமாறியபடியே ஆவடி பக்கத்துத் திருமுல்லைவாயலுக்குப் போய்ப் பாடினார். அங்கிருந்து திருவெண்பாக்கம். கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்டார். இருக்கிறேன், நீ போய் வா என்று அந்நியர் மாதிரி பதில் வந்தது. கூடவே ஒரு ஊன்றுகோலும் கிடைத்தது. கண் கேட்டவருக்குக் கோல்! கோபத்தில் அவர் அதை வீசியதில்தான் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது ஊர் வழக்கு. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வதோ, அவர் பாடிவிட்டு மேலே நடந்தார் என்பதுதான்.

திருவாலங்காடு கடந்து காஞ்சிபுரம் போய், ஏகம்பத்தில் இடக்கண் பெற்றார். திருவாரூரில்தான் வலக்கண் கிடைத்தது. ஒற்றியூரிலிருந்து ஆரூர் வரை இந்தச் சுற்றுவழி 300 கிலோமீட்டருக்குக் குறையாது. வழியெல்லாம் பாட்டு. சில பாட்டு கெஞ்சல், சில பாட்டு சண்டை. அன்னியனிடம் யாரும் உரிமையோடு சண்டை போடமாட்டார்கள் இல்லையா? கண் போனபோதும் அந்த உரிமை போகவில்லை. அதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அதுவே அவருடைய ஆனந்தமும்.

இரண்டாம் கல்யாணச் செய்தி கேட்டுப் பரவையார் கதவைச் சாத்தியபோது, தண்டித்த அதே இறைவன் நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் இரண்டு தடவை தூது நடந்தார் என்கிறது புராணம்.

சுந்தரர் வாழ்ந்தது 18 ஆண்டுகள்தான் என்று மரபு சொல்கிறது. நம்ம வயசுதான் தோழர்களே! அதற்குள் ஏழாம் திருமுறையாக நூறு பதிகங்கள். அவருடைய திருத்தொண்டத் தொகைதான் பின்னால் பெரியபுராணத்துக்கே அடித்தளம். திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மீதேறிக் கயிலை சென்றார் என்று அவர் வரலாறு முடிகிறது.

கோல் தந்த கோயிலும் நிம்மதியாக ஒரே இடத்தில் இருக்கவில்லை. சென்னைக்குத் தண்ணீர் கொடுக்க 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் பழைய இடம் மூழ்கிவிட்டது. கோயிலை இடம் மாற்றிக் கட்டினார்கள். தெய்வமும் வீடு மாறத்தான் வேண்டியிருந்தது!

நமக்கும் அரியர் இருக்கும். ஃபீஸ் கட்ட அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை எப்போது நிற்கும் என்று அப்பாவுக்கே தெரியாது. உடனே கண் கொடு என்றுதான் நாமும் வேண்டுகிறோம். கிடைப்பது பல நேரம் ஒரு கோல்தான். பாஸான தோழன் சொல்லிக்கொடுக்கும் ஒரு கணக்கு, சீனியர் கொடுத்த பழைய டிராஃப்டர், வாத்தியார் தட்டிக்கொடுத்த ஒரு தட்டு... அதைச் சின்னதாக நினைத்து வீசிவிட வேண்டாம். ஊன்றிக்கொண்டு நடப்போம். காஞ்சியும் ஆரூரும் வழியில்தான் இருக்கின்றன!

— மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு