ஸர் ஜான் சார்ன்லி

கடலூரிலிருந்து தெற்கே சென்று சிதம்பரத்துக் கோபுர வாயிலில் நிற்போர், ஆங்குச் செதுக்கப்பட்டுள்ள 108 கரணங்களைக் காண்பர். அத்துணை நிலைகளுக்கும் இடந்தருவது இடுப்பு மூட்டு. அது தேய்ந்தவர்க்கோ ஆடலும் இல்லை. அடியெடுத்து நடத்தலும் அரிது. அன்னார் மீண்டும் நடக்க வழிகண்டோருள் தலையாயவர் ஸர் ஜான் சார்ன்லி.

இவர் 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள் இங்கிலாந்தில் லங்காஷயரைச் சார்ந்த பரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மருந்து வாணிகர். தாயார் தாதித்தொழில் பயின்றவர். மான்செஸ்டர் சர்வகலாசாலையில் வைத்தியம் கற்று 1935-இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலக யுத்தத்தில் இராணுவ வைத்தியராய்த் தொண்டாற்றினார்.

யுத்தம் முடிந்தபின், எலும்பு எவ்வாறு வளர்கின்றது என்னும் வினா இவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அதனை ஆராயத் தம் காலையே கொடுத்தார்! உடன்தொழில் புரிந்த வைத்தியர் ஒருவரைக்கொண்டு முழங்காலின் கீழுள்ள எலும்பை அறுத்து ஒட்டுவைக்கச் செய்தார். புண் சீழ்பிடித்தது, மறுபடியும் கத்திக்கு இலக்காயினார். இஃது அறிவுடைமையோ என யாமும் ஐயுறுகின்றோம். எனினும் பிறர் காலை நாடாமை போற்றத்தக்கதே.

பின்னர் ரைட்டிங்டனில், முன்பு காசநோயாளர்க்கென அமைந்திருந்த மருத்துவமனையில், செயற்கை மூட்டு அமைக்கத் தலைப்பட்டார். எஃகினாற் சிறு பந்தும், டெப்லானாற் கிண்ணமும் செய்து ஏறக்குறைய 300 பேர்க்குப் பொருத்தினார். நடக்கமாட்டாதார் நடந்தனர். சின்னாளில் கிண்ணம் தேய்ந்து, அதன் துகள் சுற்றுப்புறத் தசையைக் கெடுத்தது. முன்னைய எச்சரிக்கை இங்கே தவறிற்று என்றே கூறல் வேண்டும். ஆயினும் அவர் பழியை மறைத்திலர்; தொழிலைக் கைவிட்டிலர். 1962 நவம்பரில் பாலித்தீன் கிண்ணத்தை மேற்கொண்டார். இருவகைப் பொருளையும் தம் தொடையிற் புகுத்தி அவற்றின் இயல்பை ஒப்பிட்டு நோக்கினார். பாலித்தீன் வென்றது.

மூட்டு வாய்த்தபின்னும் ஒரு பகை எஞ்சி நின்றது. வளரவேண்டாத தசையினிடையே சிலர்க்கு எலும்பு முளைத்தது! 1973-இல் அமெரிக்க வைத்தியர் புரூக்கர் முதலியோர் 100 செயற்கை மூட்டுகளை ஆராய, 21-இல் இது காணப்பட்டது. இதனை நான்கு படிகளாக வகுத்தனர். பெரும்பாலார்க்கு இது சிறு திட்டாய் நின்றொழியும். கடைப்படியிலோ இடுப்பெலும்பும் தொடையெலும்பும் ஒன்றாய்ப் பூட்டுண்டு மூட்டு அசைவற்றுவிடும். மகளிரினும் ஆடவர்க்கே இஃது மிகுதி. மறுபக்க இடுப்பில் முன்னரே இவ்வாறு வளர்ந்தவர், முதுகெலும்பு இறுகும் நோயுடையவர், மூட்டோரத்தில் எலும்பு முள் பெரிதும் தோன்றியவர், ஒருமுறை அறுத்த இடுப்பையே மறுமுறை அறுத்துக்கொள்வோர் ஆகியோர்க்கு அச்சம் அதிகம். சிகிச்சையில் தசை மிக நைந்தாலும் இது நேரும். ஆதலின் இத்தகையோர்க்கு இண்டோமெதாசின் போன்ற மருந்தோ, சிகிச்சையை ஒட்டி ஒரே முறை கதிர்வீச்சோ கொடுத்து அவ்வளர்ச்சியைத் தடுக்கின்றனர்.

சார்ன்லி 1977-இல் ஸர் பட்டம் பெற்றார்; 1982 ஆகஸ்டு 5-ஆம் நாள் காலமானார். தம்மிடம் சிகிச்சை பெற்றோரிடம் அவர் ஒரு வாக்குறுதி வேண்டியிருந்தார்: அவர்கள் இறந்தபின் அச்செயற்கை மூட்டைத் திரும்பத் தரல் வேண்டும் என்பதே அது. பலர் இசைந்தனர். அங்ஙனம் மீண்டுவந்த கிண்ணங்களைக் கொண்டு, அவை ஆண்டுதோறும் எவ்வளவு தேய்ந்தன என அளந்தறிந்தனர்.