மண்ணுக்கு மதிப்புத் தேடித் தந்தவர்

கலைப்பொருள்கள் என்றவுடன் பொன்னும் வெள்ளியும் தந்தமுமே நம் நினைவுக்கு வருகின்றன. வெறுங் களிமண்ணை அரண்மனைக்குள் கொண்டு சேர்த்தவர் ஒருவர் உண்டு. அவரே ஜோசையா வெட்ஜ்வுட்.

இங்கிலாந்தில், ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த பர்ஸ்லம் என்னும் ஊரில், வழிவழியாக மட்பாண்டம் வனைந்த குடும்பத்தில் அவர் 1730ஆம் ஆண்டு பிறந்தார். 1739இல் தந்தை மறைந்தார். சிறுவயதிலேயே பெரியம்மை கண்டு, வலது முழங்கால் பழுதுற்றது. அண்ணனிடம் தொழில் பயின்றபோது, காலால் மிதித்துச் சக்கரம் சுழற்றுவது அவருக்கு அரிதாயிற்று. பயிற்சி முடிந்தபின் அண்ணன் அவரைக் கூட்டாளியாக ஏற்கவுமில்லை. சக்கரம் சுழற்ற இயலாத குயவனுக்கு வாழ்வேது? வெட்ஜ்வுட் சோர்ந்துவிடவில்லை. மண்ணின் இயல்பையும் மெருகுக் கலவையையும் சூளையின் வெப்பத்தையும் ஆராய்ந்தார்; சோதனைகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

1759இல் தனித்தொழில் தொடங்கினார். அவர் செய்த பாலேட்டு நிறப் பாண்டங்களைச் சார்லட் அரசியார் விரும்பி வாங்க, அவை 'அரசியார் பாண்டம்' என்றே பெயர் பெற்றன. 1768இல் அந்தக் காலையே வெட்டியெடுக்க நேர்ந்தது. மயக்க மருந்து அறியாத காலம் அது! மறு ஆண்டே, மரக்காலுடன், நண்பர் பென்ட்லியோடு சேர்ந்து எட்ரூரியா தொழிற்சாலையைத் திறந்தார்.

அங்கேதான், பல்லாயிரம் சோதனைகளுக்குப் பின், 'ஜாஸ்பர்' பிறந்தது. இதற்கு மெருகு கிடையாது. நிறம் மண்ணிலேயே கலந்திருக்கும். நீல நிறப் பரப்பின்மேல் வெண்ணிற உருவங்கள் புடைத்து நிற்கும். ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்காக அவர் 952 உருப்படிகள் கொண்ட விருந்துக்கலத் தொகுதியை 1774இல் முடித்தார். ரோமானியரின் போர்ட்லண்ட் கண்ணாடிச் சாடியை ஏறத்தாழ நான்காண்டு முயன்று 1790இல் ஜாஸ்பரில் படைத்தார். சூளையின் கடும் வெப்பத்தை அளக்க, களிமண் சுருங்கும் அளவைக் கொண்டு அவர் அமைத்த கருவி, 1783இல் அவரை ராயல் கழக உறுப்பினராக்கியது.

இவற்றினும் மேலானது ஒன்றுண்டு. அடிமை வணிகத்தால் இங்கிலாந்து செல்வம் குவித்த நாளில், 1787இல், விலங்கிட்ட கைகளுடன் மண்டியிட்டிருக்கும் அடிமையின் உருவத்தைச் சிறு பதக்கமாகச் செய்து இலவசமாக வழங்கினார். பெண்கள் அதனைக் காப்பிலும் கொண்டையூசியிலும் பதித்து அணிந்தனர். அணிகலன் அறத்தின் குரலாயிற்று. 1795இல் அவர் மறைந்தார். பிரிட்டன் அவ்வணிகத்தைத் தடைசெய்த 1807ஐக் காண அவர் இல்லை.

அறிவியலறிஞர் சார்லஸ் டார்வின் இவருடைய மகள் வயிற்றுப் பேரர். மாணவ நண்பர்களே! கால் தடுத்தபோது கையையும் கருத்தையும் நம்பியவர் வெட்ஜ்வுட். நம் கைத்திறனும் அழகோடு நின்றுவிடாமல், பிறர் துயர் துடைக்கவும் பயன்படுமாக!