பூவை மாடு மேய்ஞ்சிடுச்சு... ஆனா படம் கேன்ஸுக்குப் போச்சு! சத்யஜித் ரேயின் மூணு வருஷப் போராட்டம்

மாசம் பிறந்தா சம்பளம் வர்ற வேலை. மனசு முழுக்க சினிமா. ஆனா கையில காசு இல்லை. உங்க நிலைமையும் இதுதானா? அப்போ சத்யஜித் ரேயின் கதை உங்களுக்குத்தான்.

1921-ல் கொல்கத்தாவில் பிறந்த ரே, ரெண்டு வயசுலயே அப்பாவை இழந்தவர். அம்மாதான் வளர்த்தார். படிப்பு முடிஞ்சு விளம்பர நிறுவனத்தில் ஓவியர் வேலை. 1950-ல் ஆபீஸ் வேலையா லண்டன் போனவர், அங்கே 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தார். பெரிய ஸ்டாரும் ஸ்டூடியோவும் இல்லாமலேயே படம் எடுக்கலாம்னு நம்பிக்கை வந்துடுச்சு.

1952-ல் 'பதேர் பாஞ்சாலி' ஷூட்டிங் ஆரம்பம். லீவு நாள்ல மட்டும்தான். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதுக்கு முன்னாடி சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. நாணல் பூக்களுக்கு நடுவே முதல் நாள் ஷூட்டிங். மிச்சத்தை எடுக்க மறுபடி போனா, பூவையெல்லாம் மாடுகள் மேய்ஞ்சுட்டுப் போயிருந்தன! அடுத்த சீசன்ல பூக்கும் வரை காத்திருந்தார்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை வெச்சுக் கடன் வாங்கினார். மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. அப்பவும் பணம் பத்தாம படம் பல மாசம் நின்னுபோச்சு. சின்னப் பையனோட குரல் உடைஞ்சுடுமோ, அக்காவா நடிச்ச பொண்ணு வளர்ந்துடுவாளோ, எண்பதைத் தாண்டிய பாட்டி நடிகை சுனிபாலா தேவி இறந்துடுவாரோன்னு ரேவுக்கு தினமும் பயம்.

கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுக்க, 1955-ல் படம் ரிலீஸ். மறுவருஷம் கேன்ஸ் திரைப்பட விழா. முதல் ஷோவுக்கு வந்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான். ஆனா, பார்த்த விமர்சகர்கள் விடலை. இன்னொரு தடவை திரையிடச் சொல்லிப் போராடினார்கள். அந்த வருஷம் 'தங்கப் பனை' பெரிய விருது ஒரு கடலடி ஆவணப்படத்துக்குப் போனது. 'பதேர் பாஞ்சாலி'க்கு 'சிறந்த மனித ஆவணம்' என்ற தனி விருது. அதைப் பார்க்க சுனிபாலா தேவி இல்லை. 1955-லேயே இறந்துவிட்டார்.

1957-ல் அடுத்த படம் 'அபராஜிதோ' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. 1992-ல் கொல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் கௌரவ ஆஸ்கர் வாங்கினார் ரே. அடுத்த மாசமே, ஏப்ரல் 23-ல் காலமானார்.

கேன்ஸ் ரெட் கார்ப்பெட் போட்டோக்கள் உங்க போன்ல வரிசைகட்டும்போது, கூட்டமே இல்லாத அந்த முதல் ஷோவையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. உங்க படம் பாதியில நிக்குதா? ரேவோட படமும் நின்னதுதான்!