இஸ்தான்புல்லில் மகனுக்கு அம்மை குத்திய தாய்

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகள் பலருக்கு நினைவிருக்கும். ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆபத்து, இதற்குப் பின்னால் ஏதோ திட்டம் இருக்கிறது என்றெல்லாம் பரவியதில் பயந்துபோன பெற்றோர் ஏராளம். ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. பயப்படுகிற தாயைக் கேலி செய்து பயனில்லை. ஓடியாடி விளையாடும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி உடம்பில் எதையோ செலுத்த எந்தத் தாய்க்கும் மனம் எளிதில் துணியாது. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு, இதைவிடப் பெரிய அச்சத்தின் முன் நின்ற ஓர் ஆங்கிலேயத் தாய் இருந்தார். அவர் பெயர் மேரி வோர்ட்லி மாண்டேகு.

1689-ல் இங்கிலாந்தின் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பெண்பிள்ளைகளுக்கு முறையான படிப்பு கிடைக்காத காலம் அது. மேரியோ தந்தையின் நூலகத்தில் உட்கார்ந்து லத்தீன் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டார். தந்தை பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, 1712-ல் வீட்டைவிட்டு வெளியேறி எட்வர்ட் வோர்ட்லி மாண்டேகுவை மணந்தார். மறு ஆண்டு மகன் பிறந்தான். அதே ஆண்டில் அவருடைய ஒரே தம்பி பெரியம்மையில் இறந்துபோனார். வயது 20.

அந்த நோய் இன்று உலகில் இல்லை. அதனால் அது எப்படிப்பட்டது என்று நம் பிள்ளைகளுக்கு விளக்குவதே கடினம். வந்தவர்களில் ஆறு ஏழு பேருக்கு ஒருவர் இறப்பார். பிழைத்தவர்களில் சிலர் பார்வை இழப்பார்கள். பலருக்கு முகம் முழுக்கக் குழி விழும். 1715 டிசம்பரில் அது மேரியையும் பிடித்தது. லண்டனில் அழகுக்குப் பேர்போனவர், இமை முடி உதிர்ந்து, முகத்தில் தழும்புகளோடு எழுந்தார். தம்பியைப் பறிகொடுத்து, தன் முகத்தையும் பறிகொடுத்த அந்தப் பெண்ணுக்கு வீட்டில் ஒரு சின்னப் பையன் இருந்தான். பின்னாளில் அவர் செய்ததற்கெல்லாம் காரணம் இதுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1716-ல் கணவர் உஸ்மானியப் பேரரசுக்கு இங்கிலாந்தின் தூதராக நியமிக்கப்பட்டார். மேரியும் மகனோடு கிளம்பினார். வழியில் பெல்கிரேடில் அஹ்மத் பே என்ற அறிஞரின் வீட்டில் மூன்று வாரம் தங்கி, அவரிடம் அரபுக் கவிதை பற்றிக் கேட்டறிந்தார். சோஃபியாவில் பெண்களின் ஹம்மாமுக்குப் போனார். அங்கிருந்த பெண்கள் அவரை அன்போடு வரவேற்று, உடையைக் கழற்றிவிட்டுக் குளிக்க வருமாறு வற்புறுத்தினார்கள். மேரி தன் இறுக்கமான உள்கச்சையைக் காட்டினார். அதைப் பார்த்த அவர்கள், கணவர்தான் இவரை இந்தக் கூண்டில் பூட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்களாம்! முஸ்லிம் பெண்கள் அடிமைகள் என்று எழுதிய ஐரோப்பியப் பயணிகள் ஒரு வீட்டின் உள்முற்றத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று மேரி கடிதங்களில் சாடினார். அங்குள்ள பெண்களின் சொத்து அவர்கள் கையிலேயே இருப்பதையும் குறிப்பிட்டார். அன்றைய இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை.

1717 ஏப்ரல் முதல் தேதி, எதிர்னே நகரிலிருந்து தன் தோழி சாரா சிஸ்வெல்லுக்கு அவர் எழுதிய கடிதம்தான் மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்தது. வெயில் தணியும் செப்டம்பர் மாதத்தில் பல குடும்பங்கள் ஒன்றுகூடும். அனுபவமுள்ள மூதாட்டி ஒருவர், லேசான அம்மை கண்டவரிடமிருந்து எடுத்த சீழைக் கொட்டை ஓட்டில் வைத்துக் கொண்டுவருவார். ஊசியால் தோலைக் கீறி, ஊசிமுனையில் நிற்குமளவுக்கு மட்டும் உள்ளே வைத்து, மேலே காலி ஓட்டை வைத்துக் கட்டிவிடுவார். எட்டாவது நாள்வரை பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சல், சில கொப்புளங்கள், அவ்வளவுதான். அதன்பின் பெரியம்மை அவர்களை அண்டாது.

இதை முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுகிறோம். அது முழு உண்மையல்ல. இஸ்தான்புல்லில் இதைச் செய்தவர்களில் கிரேக்கக் கிறிஸ்தவப் பெண்களும் இருந்தார்கள். சீனாவிலும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்த வழக்கம் இருந்தது. நாம் உரிமை கொண்டாட வேறொன்று இருக்கிறது. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டித் தனி நூல் எழுதியவர் நம் மருத்துவ மேதை அர்ராஸி.

1718 மார்ச் மாதம். கணவர் ஊரில் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஐந்து வயதை நெருங்கும் மகனுக்கு அம்மை குத்த மேரி முடிவெடுத்தார். ஒரு கையில் கிரேக்க மூதாட்டி துருப்பிடித்த ஊசியால் கீறினார். கை நடுங்கியதில் பையனுக்கு வலித்தது. மறு கையில் தூதரக மருத்துவர் சார்லஸ் மெயிட்லண்ட் தன் கத்தியால் கீறினார். பையன் நலமாகத் தேறினான். ஆனால் கைக்குழந்தைக்கு மேரி அதைச் செய்யவில்லை. பாலூட்டும் செவிலிக்கு அதுவரை பெரியம்மை வந்ததில்லை. குழந்தையிடமிருந்து அவருக்குத் தொற்றிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்பிய பெண் அல்ல இவர்.

1721-ல் லண்டனில் பெரியம்மை கடுமையாகப் பரவியது. மகளுக்கு இப்போது மூன்று வயது. மேரி மெயிட்லண்டை அழைத்தார். இஸ்தான்புல்லில் துணிந்தவர் இங்கே தயங்கினார். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தொழிலே போய்விடுமே! மற்ற மருத்துவர்கள் சாட்சியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். வந்த மருத்துவர்களிடம் தெரிந்த வெறுப்பைப் பார்த்து, குழந்தையை அவர்களோடு தனியே விட மேரி பயந்தார் என்று பின்னாளில் அவருடைய பேத்தி எழுதி வைத்திருக்கிறார். குழந்தை நன்றாகத் தேறியது. பார்த்தவர்களில் ஜேம்ஸ் கீத் என்ற மருத்துவர் ஏற்கெனவே தன் பிள்ளைகளைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தவர். மிஞ்சியிருந்த மகனுக்கு உடனே அம்மை குத்தச் சொன்னார்.

பிறகு நடந்தது அவ்வளவு அழகானதல்ல. அந்த ஆகஸ்டில் நியூகேட் சிறையின் மரண தண்டனைக் கைதிகள் ஆறு பேருக்கு, விடுதலை தருவதாகச் சொல்லி அம்மை குத்திச் சோதித்தார்கள். ஆறு பேரும் பிழைத்து வெளியே போனார்கள். ஆதரவற்ற குழந்தைகள் மீதும் சோதித்துப் பார்த்த பிறகுதான், 1722 ஏப்ரலில் இளவரசி கரோலின் தன் இரு மகள்களுக்கும் செய்துகொண்டார். முதலில் ஏழைகள் உடம்பில் பார்த்துவிட்டுப் பிறகு அரண்மனைக்குக் கொண்டுபோனதை இன்றைக்கு எந்த மருத்துவ நெறியும் ஏற்காது.

எதிர்ப்பு புயலாகக் கிளம்பியது. எட்மண்ட் மாஸி என்ற பாதிரியார், நோய் இறைவன் தரும் சோதனை, அதைத் தடுப்பது பாவம் என்று பிரசங்கம் செய்தார். வில்லியம் வாக்ஸ்டாஃப் என்ற மருத்துவரோ, படிப்பறிவில்லாத ஒரு சமூகத்தின் அறியாப் பெண்கள் சிலர் செய்வதை நாம் செய்வதா என்று ஏளனமாக எழுதினார். ஆனால் எல்லா அச்சமும் வெறும் வதந்தியல்ல. அம்மை குத்திய பிறகு சிலர் இறந்ததும் உண்மை. அவர்களில் ஒரு பிரபுவின் சின்ன மகனும் இருந்தான். மேரி அதை மறைக்கவில்லை. ஒரு துருக்கி வணிகர் எழுதியதாகப் பெயர் மறைத்துப் பத்திரிகையில் எழுதினார். ஆழமாகக் கீறியும், பேதி மருந்து கொடுத்தும், அளவுக்கு மீறிச் சீழ் வைத்தும் பிள்ளைகளைக் கெடுப்பது மருத்துவர்கள்தான் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

இந்தச் சண்டைக்கு நடுவே ராயல் சொசைட்டியின் செயலாளர் ஜேம்ஸ் ஜுரின் ஓர் எளிய வேலை செய்தார். ஊர் ஊராகக் கடிதம் எழுதிக் கணக்கெடுத்தார். தானாக வந்த பெரியம்மையில் ஆறு ஏழு பேருக்கு ஒருவர் இறந்திருந்தார். அம்மை குத்திக்கொண்டவர்களில் 50 பேருக்கு ஒருவர்.

ஆட்டிசம் பற்றிய அச்சத்துக்கும் இதே வழியில்தான் விடை கிடைத்தது. 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெறும் 12 குழந்தைகளை வைத்து லான்செட் இதழில் எழுதிய கட்டுரைதான் எம்எம்ஆர் ஊசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசவைத்தது. 2010-ல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவர் மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2019-ல் வெளியான ஆய்வு, ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை என்று காட்டியது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் தெரிய ஆரம்பிக்கும். தட்டம்மை ஊசி போடும் பருவமும் ஏறக்குறைய அதுதான். அடுத்தடுத்து நடப்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று தாய் மனம் முடிச்சுப் போடுவது இயல்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் உம்மா, அன்று நான் ஊசி போட்டதால்தானோ என்று காலமெல்லாம் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாரே, அவருக்கு முதலில் சேர வேண்டியது இந்தச் செய்திதான்.

மேரியின் மகள் வளர்ந்து இங்கிலாந்துப் பிரதமரான பியூட் பிரபுவின் மனைவியானார். மகனின் வாழ்க்கை வேறுவிதம். பள்ளியிலிருந்து ஓடிப்போன அவனைத் தேடி 1726-ல் கொடுத்த விளம்பரத்தில் சொன்ன அடையாளமே, இரு கைகளிலும் இருந்த அந்தச் சிறிய வட்டத் தழும்புகள்தான். கடைசிக் காலத்தில் அவர் துருக்கிய உடையோடு வாழ்ந்தார். இஸ்லாத்தைத் தழுவியதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

மேரி 1739-க்குப் பிறகு 20 ஆண்டுகளுக்கும் மேலாக இத்தாலியிலும் பிரான்சிலும் கழித்து, ஊர் திரும்பி 1762 ஆகஸ்டில் மார்பகப் புற்றுநோயால் காலமானார். மறு ஆண்டு அவருடைய துருக்கிக் கடிதங்கள் நூலாக வந்தன. சிறுவயதில் அம்மை குத்தப்பட்ட எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர், 1796-ல் பசு அம்மையிலிருந்து அதைவிடப் பாதுகாப்பான தடுப்பு முறையை உருவாக்கினார். 1980-ல் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

எதிர்னேயிலிருந்து எழுதிய அந்தக் கடிதத்தை முதலில் படித்த தோழி சாரா சிஸ்வெல், 1726-ல் பெரியம்மை வந்து இறந்துபோனார்.