மெலிந்த குரலும் தளராத கொள்கையும்

தேர்தல் வந்துவிட்டால் நம் வீட்டுத் திண்ணைகளில் ஒரு விவாதம் எழும். ஆளைப் பார்த்து வாக்களிப்பதா, கொள்கையைப் பார்த்து வாக்களிப்பதா? நம் திருகோணமலை 1952ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு விடை சொன்னது. அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமது காங்கேசன்துறைத் தொகுதியிலேயே தோற்றுப்போனார். கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். ஒன்று கோப்பாய், மற்றது திருகோணமலை. ஆங்கிலக் கடற்படை இன்னும் நம் துறைமுகத்தை விட்டுப் போகாத காலம் அது. தலைவரை அவருடைய தொகுதியே கைவிட்ட வேளையில், நம்மவர் அவருடைய கொள்கையை ஏற்று என். ஆர். இராஜவரோதயத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். காரணத்தைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. கந்தளாயிலும் அல்லையிலும் அரசாங்கக் குடியேற்றத் திட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்தாருக்கு அது பத்திரிகைச் செய்தி. நமக்கோ வேலிக்கு அப்பால் நடந்த காரியம்.

அந்தத் தலைவர் யார்? மலாயாவின் ஈப்போ நகரில் 1898 மார்ச் 31ஆம் நாள் பிறந்தவர். நான்கு வயதில் தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்தார். யூனியன் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி, கொழும்பு சென் தோமஸ் கல்லூரி ஆகியவற்றில் படித்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, சிறிது காலம் ஆசிரியராயிருந்து, பின்னர் அப்புக்காத்தாகிச் சிவில் வழக்குகளில் பெயரெடுத்தார். நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர், அங்கிலிக்கன் சபையினர். சைவ மக்கள் பெருவாரியாக வாழும் தொகுதி இந்தக் கிறிஸ்தவரைத் திரும்பத் திரும்பத் தெரிந்தெடுத்ததை நாம் மறந்துவிடலாகாது.

மேடைக்கு வேண்டிய எதுவும் அவரிடம் இல்லை. மெலிந்த உடல், தாழ்ந்த குரல். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயும் செவிப்புலன் குறைவும் சேர்ந்துகொண்டன. மோயீசனுக்கும் நா எழவில்லையே. ஆரோன் அல்லவா அவருக்காகப் பேசினார்! ஆனால் செல்வநாயகத்தின் எதிரே நின்றவர், சபையையே கட்டிப்போடும் நாவன்மை படைத்த ஜி. ஜி. பொன்னம்பலம். 1947இல் இருவரும் தமிழ்க் காங்கிரசின் சார்பிலேயே வென்றவர்கள். மறு ஆண்டு மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த அரசாங்கத்திலேயே பொன்னம்பலம் அமைச்சரானார். செல்வநாயகம் பிரிந்து, 1949 டிசெம்பர் 18ஆம் நாள் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தத் தொழிலாளர் அவருடைய தொகுதியினரல்லர். அவர்களால் அவருக்கு ஒரு வாக்கும் இல்லை.

1956 யூனில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் அடிபட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் கட்சி மாநாடு நம் ஊரில் கூடியது. பல இடங்களிலிருந்தும் மக்கள் கால்நடையாகவே திருமலைக்கு வந்து சேர்ந்தனர். சமஷ்டி ஆட்சி, மொழிக்குச் சம உரிமை, மலையகத்தாருக்குக் குடியுரிமை, குடியேற்றத்துக்கு முடிவு என நான்கு கோரிக்கைகள் எழுந்தன. தவணை ஓராண்டு. அதன் பயனாகவே 1957 யூலை 26ஆம் நாள் பண்டா செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது.

இங்கே சற்று நில்லுங்கள், வாசகரே. இலங்கைக்குச் சமஷ்டியே ஏற்றது என்று 1926ஆம் ஆண்டிலேயே எழுதியவர் பண்டாரநாயக்கா. அவரும் சென் தோமஸ் மாணவர்தான். கொள்கை அவருக்குத் தெரியும், பேச்சோ மயக்கும் பேச்சு. ஆயினும் 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டின் முன் வந்து அமர்ந்ததும் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். கொள்கை இருந்தது, அதற்காக இழப்பைத் தாங்கும் மனம் இருக்கவில்லை.

1961 சத்தியாக்கிரகமும் சிறைவாசமும் நீங்கள் அறிந்தவை. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் இன்னோர் ஒப்பந்தம். மாவட்ட சபைத் திட்டம் 1968இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் கோணேசர் கோவில் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அமைச்சர் மு. திருச்செல்வம் அமைத்த குழுவைப் பிரதமர் கலைத்துவிட, திருச்செல்வம் பதவி துறந்தார். செல்வநாயகமோ வாழ்நாளில் எந்த அமைச்சர் பதவியையும் ஏற்றவரல்லர்.

1972 குடியரசு யாப்பை எதிர்த்து அவர் தமது ஆசனத்தைத் துறந்தார். அரசாங்கம் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில் நடத்திய இடைத்தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை 25,927 வாக்குகள். எதிர்த்து நின்றவருக்கு 9,457. முன்பு ஆளைத் தோற்கடித்த தொகுதி இப்பொழுது ஆளுக்காகவே வாக்களித்தது என்பேன். ஏனெனில் 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் சமஷ்டிக் கொள்கை தனிநாட்டுக் கொள்கையாக மாறியபோது, எல்லை எங்கே, எப்படி என்று கேட்டவர் சிலரே. மூவினமும் அயலவராய் வாழும் நம் மாவட்டமாவது கேட்டிருக்கலாம். தந்தை செல்வா சொல்லிவிட்டார், அது போதும் என்றிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொள்கைக்காக உழைத்துச் சேர்த்த நம்பிக்கை அது.

1977 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். யூலையில் பொதுத் தேர்தல். கூட்டணி 18 ஆசனங்களை வென்றது, திருகோணமலை இரா. சம்பந்தனை அனுப்பியது. அந்த வாக்குகளில் தீர்மானத்துக்கு விழுந்தவை எத்தனை, மறைந்த மனிதருக்கு விழுந்தவை எத்தனை என்று எந்தத் தேர்தல் அதிகாரியும் எண்ணவில்லை.