25 ரூபாய் தந்த நிம்மதி

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிறவர்கள், ஈரக் கோப்பையைச் சூளையில் வைக்க மாட்டார்கள். வைத்தால் வெடித்துவிடும். நிதானமாக உலர்த்திய பிறகே அடுக்குவார்கள்.

மனித மூளைக்கும் அப்படி ஓர் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத் தேடி அலைந்தவர் கணித மேதை ராமானுஜன். விருத்தாசலத்துக்கு வடக்கே இருக்கும் திருக்கோவிலூருக்கு அவர் 1910-ம் ஆண்டு வந்தார்.

அப்போது வயது 22. கும்பகோணத்தில் ஏழைக் குடும்பம். தகப்பனார் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. ராமானுஜனுக்குக் கணக்கைத் தவிர வேறு பாடம் ஓடவில்லை. கல்லூரி உதவித்தொகை பறிபோனது. எப்.ஏ. பரீட்சையிலும் தோல்வி. 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. இனி சும்மா இருக்க முடியுமா?

காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். விடையை மட்டும் நோட்டில் எழுதுவார்.

வேலை கிடைக்கவில்லை

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் ராமசாமி அய்யர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் நோட்டுகளைக் காட்டி, குமாஸ்தா வேலை கேட்டார் ராமானுஜன்.

அய்யர் வேலை கொடுக்கவில்லை. இரக்கம் இல்லாமல் அல்ல. இப்படிப்பட்ட அறிவைக் கச்சேரிக் கட்டுகளுக்கு நடுவே முடக்க மனம் வரவில்லை. சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்த வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைக் கண்டார் ராமானுஜன். ராவ் முதலில் நம்பவில்லை. பிறகு வியந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். பேரும் புகழும் வேண்டாம். கவலையில்லாமல் கணக்குப் போட, சாப்பாட்டுக்கு வழி கிடைத்தால் போதும் என்றார் ராமானுஜன்.

ராவ் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார்.

வறுமைதான் மேதையை உண்டாக்கும் என்று சிலர் பேசுவார்கள். ராமானுஜன் வறுமையிலும் நோட்டுகளை நிரப்பினார், உண்மைதான். ஆனால் அவை பெட்டியில் கிடந்தன. சோற்றுக் கவலை தீர்ந்த பிறகே, 1911-ல், அவருடைய முதல் கட்டுரை கணிதக் கழகத்தின் பத்திரிகையில் வெளிவந்தது.

துறைமுகத்தில்

பிறர் பணத்தில் சாப்பிட அவருக்குக் கூச்சம். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். நல்ல காலம், மேலதிகாரி நாராயண அய்யரும் கணக்குப் பிரியர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள்!

1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. குமாஸ்தா வேலை முடிந்தது. மறு வருஷம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே பேரும் புகழும் வந்தன. ஆனால் குளிர், சைவச் சாப்பாட்டுத் தட்டுப்பாடு, யுத்தம், தனிமை எல்லாம் சேர்ந்து உடம்பை உருக்கின. 1919-ல் நோயாளியாகத் திரும்பினார். மனைவி ஜானகி அம்மாள் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி, 32-வது வயதில் காலமானார்.

அந்தக் கடைசி வருஷத்தில் எழுதிய தாள்கள் வெகுகாலம் மறைந்து கிடந்தன. 1976-ல்தான் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அகப்பட்டன.